கேட்டால்தான் கிடைக்குமா?

ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட வகையில்லாத ஏழைக்கு இந்நாட்டில் கதியே இல்லை என்ற எண்ணம் ஜனங்களிடையே பரவியிருக்கிறது. இது முழுவதும் சரியல்ல. உதவி உண்டு, ஒன்றல்ல, பல உண்டு. சர்க்கார் கொடுக்கும் உதவி உண்டு. கோர்ட்டுத் தீர்ப்புகளினால் ஏற்பட்ட உதவி உண்டு. தர்ம ஸ்தாபனங்கள் செய்யும் உதவியும் உண்டு. ஆனால் உதவி தேவைப்படுகிறவனுக்கு, தேவைப்படுகிற வேளையில், அது உண்டென்று எடுத்துச் சொல்வார்தான் இல்லை. இந்த ஒரு குறையினால் மற்ற ஏற்பாடுகள் யாவும் தம் பயனில் பெரும் பாகத்தை இழந்து நிற்கின்றன. இன்ஷூரன்ஸ் இல்லாத நோயாளி தனக்குரிய உதவியைத் தானே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்று இன்றைய முறை எதிர்பார்க்கிறது. அது தலைகீழான முறை. தேட வேண்டியவன் நோயாளியல்ல, தெரிவிக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை என்பதே நமது கட்சி.

விஷயம் எவ்வளவு பெரியது என்பதை முதலில் பார்ப்போம். மத்திய சர்க்கார் வெளியிட்டுள்ள தேசிய சுகாதாரக் கணக்கின்படி, 2013-14-ம் வருஷத்தில் நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் ஜனங்கள் தங்கள் கைப்பணத்திலிருந்து நேராகக் கொடுத்த பாகம் 64.2 சதவிகிதம். 2021-22-ல் அது 39.4 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. குறைந்தது பற்றி நமக்குச் சந்தோஷமே. ஆயினும் நூறு ரூபாய் செலவில் ஏறக்குறைய நாற்பது ரூபாய் இன்னும் நோயாளியின் மடியிலிருந்தே வருகிறது என்பதை மறக்க முடியாது. அந்த நாற்பது ரூபாய் பல குடும்பங்களில் சேமிப்பிலிருந்து வருவதில்லை. தாலிக் கொடியிலிருந்தும், அடமானம் வைத்த அரைக்காணி நிலத்திலிருந்தும், வட்டிக்கடையிலிருந்தும் வருகிறது. நோய் தீர்ந்து வீடு திரும்பியவன் கடனாளியாகத் திரும்புகிறான்.

இனி, என்னென்ன உதவிகள் இருக்கின்றன? நமது மாநிலத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரிகள்தான் முதல் உதவி. 1664-ம் வருஷம் ஜார்ஜ் கோட்டைக்குள் துவங்கிய சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி முதல் தாலுகா ஆஸ்பத்திரி வரையில் ஏழைகளுக்கு வைத்தியம் நடந்து வருகிறது. 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அவற்றுக்கு விநியோகித்து வருகிறது. இதர மாநிலங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. ஆனால் நடு இரவில் நெஞ்சுவலி கண்டவனின் குடும்பத்தார் எந்த ஆஸ்பத்திரி சர்க்காருடையது என்று ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார்கள். எது அருகில் இருக்கிறதோ, எதன் வாசலில் விளக்கு எரிகிறதோ, அங்கே போகிறார்கள். அது தனியார் ஆஸ்பத்திரியாகவும் இருக்கலாம்.

அங்கும் உதவிக்கு இடமுண்டு. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்றும், 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்றும் ஒரு திட்டம் நடந்து வருகிறது. 2018-ல் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இது இணைந்தது. வருமான வரம்பு 2021-ல் வருஷத்துக்கு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பத்துக்கு வருஷத்தில் 5 லட்சம் ரூபாய் வரையில், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் பணமின்றி வைத்தியம் பெறலாம். 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பே வேண்டியதில்லை என்று மத்திய சர்க்கார் 2024-ல் தன் திட்டத்தை விரிவாக்கியது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்ற திட்டத்தைத் தமிழ்நாடு சர்க்கார் 2021 டிசம்பரில் ஆரம்பித்தது. அதற்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. வேற்று மாநிலத்தாரானாலும் உண்டு. 2025-ல் மத்திய சர்க்கார் இதே நோக்கத்துடன் நாடு முழுவதற்கும், 7 நாள் வரையில், 1,50,000 ரூபாய் வரையில் என்று ஒரு திட்டம் வகுத்தது. இவை தவிர, 1948-ல் தேசப் பிரிவினை அகதிகளுக்காக ஜவாஹர்லால் நேரு ஏற்படுத்திய பிரதம மந்திரியின் தேசிய நிவாரண நிதி, இருதய ஆபரேஷன், சிறுநீரக மாற்று, புற்றுநோய் முதலியவற்றுக்கும் இன்று உதவுகிறது. 1997-ல் ஏற்பட்ட ராஷ்ட்ரீய ஆரோக்கிய நிதி, வறுமைக் கோட்டுக்குக் கீழ்ப்பட்டவர்களின் உயிருக்கு ஆபத்தான நோய்களுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் உதவுகிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் இந்த அவதி? இங்கேதான் முக்கியமான சங்கதி இருக்கிறது. இந்த உதவிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது நிபந்தனை உண்டு. சிகிச்சைக்கு முன்போ, சிகிச்சை நடக்கும்போதோ அனுமதி பெற வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு ரசீதை நீட்டினால் கிடைக்காது. காப்பீட்டுத் திட்டத்தில் முன் அனுமதி வேண்டும். பிரதம மந்திரி நிதியிலும் ஆரோக்கிய நிதியிலும் ஏற்கெனவே செலவழித்த பணத்தை ஈடு செய்வது வழக்கமில்லை. உதவித் தொகை ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது. நிபந்தனை தவறென்று நாம் சொல்லவில்லை. பொதுப் பணத்தைச் செலவிடுவதில் ஜாக்கிரதை வேண்டியதுதான். ஆனால் இதனால் ஏற்படும் விளைவைக் கவனிக்க வேண்டும். உதவியின் கதவு பில் வருமுன் திறந்திருக்கிறது. பில் கட்டியவுடன் சாத்திக்கொள்கிறது. ஏழைக்கு அந்தக் கதவு இருந்த விஷயமே பில் வந்த பிறகுதான் தெரிய வருகிறது. காலங்கடந்து தெரிந்தால் தெரியாததற்கும் அதற்கும் பேதமில்லை.

ஒரு மளிகைக் கடைக் குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் சம்பளம். மனைவிக்கு இருதய ஆபரேஷன் உடனே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்பணம் கட்டும் ஜன்னலில் பணம் கேட்கிறார்களே அன்றி, "அட்டை இருக்கிறதா, வருமானம் என்ன?" என்று கேட்பதில்லை. அவன் நகையை வைத்துக் கட்டுகிறான். நாலாம் நாள் பக்கத்துப் படுக்கைக்காரரின் மைத்துனர் சொல்லித்தான் காப்பீட்டுத் திட்டம் அவனுக்கும் உரியதென்று தெரிகிறது. அதற்குள் ஆபரேஷன் முடிந்து பணமும் கட்டியாகிவிட்டது. சட்டத்தின்படி அவனுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் உரிமை இருந்தது. நடைமுறையில் அவன் கையில் இருப்பது அடகுக்கடைச் சீட்டு. இவனுக்கு அநீதி செய்தவர் யார் என்று கேட்டால் எவரையும் சுட்டிக் காட்ட முடியாது. எந்த விதியும் மீறப்படவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆஸ்பத்திரி விஷயத்தில் அது அப்படியே உண்மையாயிருக்கிறது. கலெக்டர் ஆபீசில் சிநேகிதர் உள்ளவனும், சட்டசபை அங்கத்தினரின் சிபாரிசுக் கடிதம் பெறத் தெரிந்தவனும், இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்தவனும் உதவி பெறுகிறார்கள். கூச்சமுள்ளவன், எழுத்தறியாதவன், ஆளில்லாதவன் ஆகியோர் முழுப் பில்லையும் கட்டுகிறார்கள். ஏழைக்காக ஏற்பட்ட உதவி, ஏழைகளிலே சாமர்த்தியசாலியைத் தேடிப் போகிறது. இதைவிட வேடிக்கை வேறென்ன வேண்டும்?

மற்றொரு வேடிக்கையும் உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் சர்க்கார் திட்டங்களும் ஆஸ்பத்திரியுடன் பேசி, இன்ன ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று மட்டமான விகிதத்தை முன்னதாகவே நிர்ணயம் செய்துகொள்கின்றன. இன்ஷூரன்ஸ் இல்லாத தனி மனிதனுக்காக அப்படிப் பேசுவார் எவருமில்லை. அவன் ஆஸ்பத்திரியின் முழு விகிதத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதனால் ஒரே கட்டிலில், ஒரே டாக்டரிடம், ஒரே சிகிச்சைக்கு, பணபலமுள்ள கம்பெனி குறைவாகவும் பணபலமற்ற ஏழை அதிகமாகவும் கொடுக்கும் நிலைமை ஏற்படுகிறது. 2017 பிப்ரவரியில் இருதய ஸ்டென்டுகளுக்கு மத்திய சர்க்கார் உச்ச விலை விதித்தது. சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய் என்று அப்போது நிர்ணயமாயிற்று. விலைக்கு வரம்பு கட்ட முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. ஆனால் ஒரு சாமானுக்கு வரம்பு கட்டியதனால் மொத்தப் பில்லுக்கு வரம்பு ஏற்பட்டுவிடாது.

சட்டம் இவ்விஷயத்தில் வாய் மூடிக்கொண்டிருக்கவில்லை. 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில், சர்க்கார் டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் ஆபத்திலிருப்பவனின் உயிரைக் காக்கச் சிகிச்சை செய்தே தீரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. 1992-ல் வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைப் பல சர்க்கார் ஆஸ்பத்திரிகள் இடமில்லை என்று திருப்பி அனுப்பின. அவர் தனியார் ஆஸ்பத்திரியில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்து உயிர் பிழைத்தார். 1996-ல் சுப்ரீம் கோர்ட் அவருக்கு 25,000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டது. உயிரைக் காக்கும் வைத்தியம் அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்தில் அடங்கிய உரிமை, பணமில்லை என்று சர்க்கார் தப்பித்துக்கொள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2018-ல் தேசிய மனித உரிமைக் கமிஷன் தயாரித்த நோயாளிகளின் உரிமைச் சாஸனம், பில் தகராறைக் காட்டி நோயாளியையோ பிரேதத்தையோ பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லுகிறது.

தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு இலவச சிகிச்சைக் கடமை உண்டா என்று கேட்பவர்களுக்கும் கோர்ட்டுகள் பதில் சொல்லியிருக்கின்றன. டில்லியில் சலுகை விலையில் சர்க்கார் நிலம் பெற்றுக் கட்டிய ஆஸ்பத்திரிகள், உள்நோயாளிப் படுக்கைகளில் 10 சதவிகிதத்தையும் வெளிநோயாளிகளில் 25 சதவிகிதத்தையும் ஏழைகளுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும் என்று 2007-ல் டில்லி ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. 2011-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஊர்ஜிதம் செய்தது. மகாராஷ்டிரத்தில் தர்ம டிரஸ்டு ஆஸ்பத்திரிகளுக்காகப் பம்பாய் ஹைகோர்ட் 2006-ல் ஒரு திட்டம் வகுத்தது. 10 சதவிகிதப் படுக்கைகள் பரம ஏழைகளுக்கு இலவசம். இன்னும் 10 சதவிகிதம் சொற்ப வருமானமுள்ளவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில். மொத்த பில் தொகையில் 2 சதவிகிதம் ஏழை நோயாளி நிதிக்கு. இத்தீர்ப்புகளின் தத்துவம் எளிது. நிலத்தைச் சலுகையில் பெற்றவனும், தர்மம் என்று சொல்லி வரிவிலக்குப் பெற்றவனும், பொது ஜனங்களிடம் கடன்பட்டவன். மருத்துவ உதவி தர்ம காரியம் என்பதனால்தான் வருமான வரிச் சட்டம் அதற்குச் சலுகை தருகிறது. சலுகையை எடுத்துக்கொண்டு தர்மத்தை மறைத்து வைப்பது நியாயமாகாது.

மறைத்து வைக்கும் குறைக்குப் பரிகாரம் தேடிய தேசம் ஒன்று உண்டு. அது அமெரிக்கா. இன்ஷூரன்ஸ் இல்லாதவன் ஆஸ்பத்திரி பில்லினால் அழிந்துபோவதற்குப் பேர்போன தேசம் அது. அதன் வைத்திய முறையை நாம் பின்பற்ற வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 2010-ல் அங்கே நிறைவேறிய சட்டத்தின் ஓர் அம்சம் கவனிக்கத்தக்கது. லாப நோக்கமற்றது என்று வரிவிலக்குப் பெறும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் பண உதவி விதிகளை எழுதி வைக்க வேண்டும். அவற்றின் சுருக்கத்தை எளிய நடையில் அச்சிட்டு நோயாளிக்குக் கொடுக்க வேண்டும். அவசர சிகிச்சைப் பகுதியிலும் அனுமதிக்கும் இடத்திலும் பலகை வைக்க வேண்டும். பில்லிலேயே அறிவிப்பு இருக்க வேண்டும். இங்கிலீஷ் அறியாதவர்கள் போதிய அளவில் இருந்தால் அவர்கள் பாஷையிலும் வெளியிட வேண்டும். முதல் பில் வந்த நாளிலிருந்து 120 நாள் வரையில் வழக்குத் தொடருதல் போன்ற கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. 240 நாள் வரையில் மனுவை ஏற்க வேண்டும். உதவிக்கு உரியவனிடம், இன்ஷூரன்ஸ் உள்ளவர்களுக்குப் பொதுவாக ஆகும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதிகமாக வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு ஏழைக்கு உதவ வேண்டும் என்பதை அச்சட்டம் ஆஸ்பத்திரியின் இஷ்டத்துக்கே விட்டுவிட்டது. அது அதன் பெருங்குறை. ஆயினும் தெரிவிக்கும் பொறுப்பை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தது.

இதில் நூதனம் ஒன்றுமில்லை. நமது கோர்ட்டுகளில் அன்றாடம் நடக்கும் நியாயமே இது. ஒருவன் மீது ஆயிரம் ரூபாய்க் கடனுக்குத் தாவா போட்டாலும், பிரதிவாதிக்கு முறைப்படி சம்மன் சார்பு செய்தாக வேண்டும். "அவனே கோர்ட்டுக்கு வந்து விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும்" என்று எந்த நீதிபதியும் சொல்லமாட்டார். சம்மன் சார்பாகாமல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகியிருந்தால் அதை ரத்துச் செய்யவும் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆயிரம் ரூபாய்க் கடனாளிக்கு அறிவிப்புக் கொடுப்பது அவசியமென்றால், குடும்பத்தையே மூழ்கடிக்கும் பில் யாருக்கு வரப்போகிறதோ அவனுக்கு அறிவிப்புக் கொடுப்பது அவசியமில்லையா?

ஆஸ்பத்திரி நிர்வாகிகள் சொல்லும் ஆட்சேபங்களையும் பார்ப்போம். "பலகை வைத்தால் கூட்டம் பெருகும், நாங்கள் தாங்க மாட்டோம்" என்பது முதல் ஆட்சேபம். யாருக்கும் தெரியாதிருக்கிற வரையில்தான் ஒரு கடமையைத் தாங்க முடியுமென்றால், அதைக் கடமை என்று சொல்லிப் பயனென்ன? மேலும், கட்டணம் கொடுப்பவர்களின் வரும்படியைக் கொண்டு கொடுக்க முடியாதவர்களுக்கும் வைத்தியம் செய்ய முடியும் என்பதை டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் நிரூபித்துக் காட்டினார். 1976-ல் 11 படுக்கைகளுடன் அவர் துவக்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இன்று உலகறிந்த ஸ்தாபனம். "சர்க்கார் திட்டங்களின் விகிதம் போதாது, பணமும் தாமதமாக வருகிறது" என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் நியாயமுண்டு. சர்க்கார் பாக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிகளைத் தர்மம் செய்யச் சொல்வது அழகல்ல. பாக்கியைத் தவணை தவறாமல் தீர்க்க வேண்டும். விகிதங்களைக் காலாகாலத்தில் திருத்த வேண்டும். ஆனால் சர்க்காருக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள கணக்கு வழக்குக்கு நோயாளியைப் பணயம் வைப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

ஆகையால் நாம் சர்க்காருக்குச் சொல்லும் யோசனை நான்கு. முதலாவது, ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும், முன்பணம் வாங்குமுன், அந்நோய்க்கு எந்தத் திட்டத்தில் உதவி உண்டு, எங்கே மனுச் செய்வது என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் பெறவேண்டும். எத்தனையோ காகிதங்களில் உறவினரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். இன்னும் ஒன்று சேருவதால் நஷ்டமில்லை. இரண்டாவது, அப்படி அறிவிக்காத ஆஸ்பத்திரி, திட்டத்தின்படி கிடைத்திருக்கக்கூடிய தொகையை நோயாளியிடம் வசூலிக்க உரிமையற்றதாக வேண்டும். இது இல்லாவிடில் முதல் யோசனை சுவரில் ஒட்டிய காகிதமாகவே போய்விடும். மூன்றாவது, காப்பீடு இல்லாதவனிடம் சர்க்கார் திட்டத்தின் விகிதத்துக்கு மேல் இவ்வளவுதான் வாங்கலாம் என்று ஒரு வரம்பு வேண்டும். மாதம் பதினாயிரத்துக்குச் சற்று மேல் சம்பாதித்து, அட்டைக்கும் உரிமையின்றி இன்ஷூரன்ஸும் இல்லாமல் நடுவில் நிற்கும் ஆட்டோ டிரைவருக்கும் சிறு வியாபாரிக்கும் இதுதான் கதி. நாலாவது, மகாராஷ்டிரத்தில் உள்ளது போன்ற ஏழை நோயாளி நிதியை நமது மாநிலத்து டிரஸ்டு ஆஸ்பத்திரிகளிலும் ஏற்படுத்த வேண்டும். ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்ய 1997-ம் வருஷத்துச் சட்டமும் 2018-ம் வருஷத்து விதிகளும் இருக்கின்றன. முதல் யோசனைக்கு அந்த விதிகளில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.

இவை நடக்கும் வரையில் பொது ஜனங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பத்தார், நோய் வந்த பிறகு அலையாமல், கிராம நிர்வாக அதிகாரியிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடனும் ஆதாருடனும் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு இப்போதே போகட்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதல் நாளே, பணம் கட்டுமுன், "காப்பீட்டுப் பிரிவு எங்கே? தர்ம நிதி உண்டா?" என்று கேட்கட்டும். செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கட்டும். நிவாரண நிதிகளுக்கு மனுச் செய்ய அது அவசியம். முடிவில் பில்லை வரிவரியாகப் பிரித்துக் கேட்கட்டும். சந்தேகமிருந்தால் 104 என்ற சர்க்கார் டெலிபோன் எண்ணில் விசாரிக்கட்டும். கேட்பதில் அவமானமில்லை. வரியாகவும் சலுகையாகவும் நாம் எல்லோரும் சேர்ந்து கொடுத்ததில் நமது பாகத்தைக் கேட்கிறோமே அன்றிப் பிச்சை கேட்கவில்லை. வக்கீல்களும் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் தத்தம் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நின்று, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தால் எத்தனையோ நகைகள் அடகுக்கடைக்குப் போகாமல் தப்பும்.

ஆனால் ஜனங்கள் கேட்கக் கற்றுக்கொள்வது தற்காலிகப் பரிகாரமே. கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டும் கிடைப்பது தயவு; கேளாதவனுக்கும் கிடைத்தால்தான் உரிமை. கோர்ட்டுகள் இதை உரிமை என்று சொல்லிப் பல வருஷங்களாகிவிட்டன. சர்க்காரும் பணம் ஒதுக்கியிருக்கிறது. பாக்கியிருப்பது, ஆஸ்பத்திரி ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் பணம் வாங்குமுன் வாய் திறந்து சொல்லவேண்டும் என்ற விதி ஒன்றுதான். அதற்குப் புதிய வரி வேண்டியதில்லை. புதிய இலாகா வேண்டியதில்லை. சட்டசபையின் அடுத்த கூட்டத்திலேயே சுகாதார மந்திரி இதைச் செய்ய முன்வர வேண்டும்.